கேட்டதும் சொன்னதும்: விளையாட்டு அலைவரிசை

கேள்வி: நாள் முழுக்க விளையாட்டே காட்டலாம் என்று அமெரிக்காவின் ஈ.எஸ்.பி.என். அலைவரிசைக்காரருக்கு எப்படித் துணிவு வந்தது? ஆரம்பத்தில் எதைக் காட்டினார்கள்? (மாணவர், நல்லூர்)

பதில்: துணிவை விட வாடகைக் கணக்குத்தான் காரணம். 1978இல் ஐஸ் ஹொக்கி அணியொன்றில் வேலை இழந்த பில் ரஸ்முசன், மகன் ஸ்கொட்டுடன் சேர்ந்து கனெக்ரிகட் மாநிலத்து ஆட்டங்களை மட்டும் கேபிளில் காட்டத்தான் முதலில் நினைத்தார். செய்மதி வாடகையை விசாரித்தால், மாலையில் சில மணி நேரத்துக்கு 1,250 டொலர். நாள் முழுவதற்கும் 1,143 டொலர். முழுநாள்தான் மலிவு! எடுத்துவிட்டார்கள். எதைப் போட்டு நிரப்புவது என்ற தலையிடி பிறகு வந்தது.

அமைந்த செய்மதியும் நல்லது. சற்கொம் 1இல் எச்.பி.ஓ. என்ற திரைப்பட அலைவரிசை ஏற்கெனவே இருந்ததால் கேபிள்காரரின் டிஷ்கள் அதைப் பார்த்தபடியே நின்றன. புதிய அலைவரிசைக்கு இன்னொரு டிஷ் நட வேண்டியதில்லை, ஒரு ரிசீவர் கூடினால் போதும். 9 மீற்றர் டிஷ் கட்டாயம் என்றிருந்த அமெரிக்க விதி 1976இல் 4.5 மீற்றருக்கு இறங்கியிருந்தபடியால் சின்ன ஊர்க் கேபிள்காரருக்கும் அது கைக்கெட்டியது.

கெற்றி எண்ணெய்க் கம்பனி 85 வீதப் பங்கை வாங்கியது. பியர் கம்பனியொன்று 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு விளம்பரம் கொடுத்தது. 1979 செப்ரெம்பர் 7 மாலை 7 மணிக்கு ஒளிபரப்புத் தொடங்கியது. அன்று காட்டிய ஆட்டம் பேஸ்போல் போன்ற சொஃப்ற்போல், அதிலும் பந்தை மெதுவாக எறிகிற வகை! உரிமை மலிவாய்க் கிடைத்ததெல்லாம், அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் உட்பட, திரையேறியது. அதையே திரும்பவும் போட்டார்கள். வாரநாட்களிலும் 24 மணி நேரம் ஓடியது 1980 செப்ரெம்பரில் இருந்துதான். ஆட்களை இழுத்தது 1980 மார்ச்சில் காட்டிய கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் ஆரம்பச் சுற்றுகள். விளம்பரக் காசு காணாமல், பிறகு கேபிள்காரரிடம் சந்தாதாரருக்கு மாதம் சில சதம் என்று வாங்கத் தொடங்கினார்கள். நிறுவனம் நிலைத்தது அந்தச் சதங்களால் என்பதே எங்கள் கணிப்பு.

கேள்வி: மழை தொடங்கினால் ஆட்டம் கட்டம் கட்டமாய் உடைந்து நின்றுவிடுகிறது. டிஷ் பழுதோ? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: மழை விட்டதும் தானாக வந்தால் பழுதில்லை. வீட்டுச் சின்ன டிஷ் வாங்குவது கே.யு. அலை, நீளம் இரண்டரை சென்ரிமீற்றர்தான். பெரிய துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். கேபிள்காரரின் பெரிய டிஷ் வாங்கும் சி அலை ஏழு சென்ரிமீற்றருக்கு மேல் என்பதால் அவ்வளவு அடிபடாது.

தூறலுக்கே நின்றால் வெயில் நாளில் பாருங்கள். பெட்டியின் திரையில் 'குவாலிற்றி' அளவை வைத்துக்கொண்டு டிஷ்ஷை மயிரிழை அசைத்து, சில விநாடி பொறுங்கள். அளவு பிந்தித்தான் மாறும். 'ஸ்ட்ரெங்த்' அளவை நம்ப வேண்டாம். டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் எல்.என்.பி.யின் மூடி வெடித்திருக்கிறதா, வயர் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். களிம்பு இருந்தால் முனையை வெட்டிப் புதிதாகப் பூட்டி, வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள், தண்ணீர் அதில் சொட்டிவிடும். போன வருடம் குட்டையாய் நின்ற தென்னை இந்த வருடம் குறுக்கே ஓலை நீட்டியிருந்தால், முதலில் ஓலையை வெட்டுங்கள், பிறகு டிஷ்ஷைத் தொடுங்கள்.