கிறிஸ்துமஸ் சந்தையில் வாங்கியது உடையாமல் ஊர் வந்து சேர

கேள்வி: மகளும் மருமகனும் ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில் இருக்கிறார்கள். டிசம்பர் முதல் வாரம் நானும் கணவரும் போகிறோம். 28-ம் தேதி ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து மதுரை. கிறிஸ்துமஸ் சந்தையில் கண்ணாடி உருண்டை, மரப்பொம்மை, கேக் எல்லாம் வாங்கி வந்து சொந்தபந்தங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்க ஆசை. ஆளுக்கு 23 கிலோ பெட்டி ஒன்று, 8 கிலோ கைப்பெட்டி ஒன்று. போன வருடம் போய்வந்த உறவினர் கொண்டுவந்ததில் பாதி தூளாகிவிட்டது. எப்படி அடுக்கினால் உடையாமல் வரும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: திரும்பி வரும்போது அடுக்கப்போகும் பெட்டிக்கான வேலையை மதுரையிலேயே தொடங்கிவிடுங்கள். மகள் வீட்டுக்கு முறுக்கு, அதிரசம், சாம்பார்ப் பொடி, அப்பளம் என்று கொண்டுபோகத்தான் போகிறீர்கள். அவற்றைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டாமல் எவர்சில்வர் சம்படங்களிலும் உயரமான டப்பாக்களிலும் போட்டுக்கொள்ளுங்கள். பலகாரம் அங்கே தீர்ந்துவிடும், சம்படம் காலியாக இருக்கும். கண்ணாடி உருண்டைகளை நசுங்காமல் கொண்டுவர அதைவிட உறுதியான கூடு எந்தக் கடையிலும் கிடைக்காது. 15 முதல் 20 செ.மீ. விட்டத்தில், மூடி இறுக்கமாக விழும் மூன்று நான்கு சம்படங்கள் போதும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, நெய்யில் செய்த இனிப்பு எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள்.

குளிருக்கு வாங்கும் கனத்த ஸ்வெட்டர், பூட்ஸ், கம்பளி உள்ளாடை எல்லாவற்றையும் திரும்பும்போது மகள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மதுரையில் அவற்றுக்கு வேலையில்லை, அடுத்த முறை போகும்போது அங்கேயே இருக்கும். ஒரு ஆளுக்கான குளிர் உடுப்பு அரைப் பெட்டியை அடைத்துக்கொள்ளும். சந்தைப் பொருள்களில் நமக்குப் பற்றாமல் போவது பெரும்பாலும் எடை இல்லை, இடம்தான். கண்ணாடி உருண்டை ஒன்று சில கிராம்தான் இருக்கும், ஆனால் ஒரு கிண்ணம் அளவுக்கு இடம் பிடிக்கும். கொண்டுவரவேண்டிய உடுப்பு பருத்திப் புடவை, துண்டு, லுங்கி, காலுறை என்று மெத்தென்று இருந்தால் நல்லது, பொருள்களுக்கு நடுவே அணை கொடுக்க அவைதான் உதவும். காற்றை உறிஞ்சித் துணியைச் சப்பையாக்கும் பைகள் இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது. காற்றெடுத்த துணி பலகை மாதிரி விறைத்துவிடும், அடியைத் தாங்காது. எடையும் ஒரு கிராம்கூடக் குறையாது.

அடுத்தது தேதி. நியூரம்பெர்க்கின் கிறிஸ்ட்கிண்டில்ஸ்மார்க்ட் சந்தை ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று திறக்கும். டிசம்பர் 24 பிற்பகல் 2 மணிக்கு மூடிவிடுவார்கள். உங்கள் விமானம் 28-ம் தேதி என்பதால் கடைசி நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 25, 26 இரண்டும் அங்கே பொது விடுமுறை, கடைகள் திறக்காது, ஞாயிறும் அப்படியே. பபிள் ராப், அகலமான பசை டேப், ஜிப் பூட்டுள்ள பைகள் ஆகியவற்றை 23-ம் தேதிக்குள் வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். சந்தைக்கு வார நாளில் காலையில் போங்கள். மாலைக் கூட்டத்தில் தோளோடு தோள் இடிபடும்போது கையிலிருக்கும் பை நசுங்குவதும், கடைக்காரர் அவசரத்தில் ஒற்றைத் தாளில் சுற்றிக் கொடுப்பதும் சகஜம். விமானத்தில் கொண்டுபோகிறோம் என்று மகளைவிட்டுச் சொல்லச் சொன்னால், பொருளுக்கான அட்டைப்பெட்டி இருக்கும் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பெட்டி இல்லாத கண்ணாடியைவிடப் பெட்டியோடு வரும் கண்ணாடிக்கு ஓரிரு யூரோ கூடக் கொடுப்பது வீண் போகாது. எல்லாக் கடையிலும் கார்டு எடுக்க மாட்டார்கள் என்பதால் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

இனி, உடையும் பொருள்களில் முதலாவதான கண்ணாடி உருண்டை. துரிங்கியா பகுதியின் லவுஷா ஊர்க் கண்ணாடி ஊதுபவர்களிடமிருந்து பரவிய தொழில் இது. ஊதிய கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சு, வெளியே சாயம். சுவர் மிக மெல்லியது. அதிலும் கொக்கி மாட்டும் உலோக மூடி உட்காரும் கழுத்துப் பகுதிதான் ஆகப் பலவீனம். உருண்டையின் வயிற்றுப் பக்கம் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் தாங்கிக்கொள்ளும். கழுத்தை ஒரு பக்கமாக நெருக்கினால் விரிசல் விட்டுவிடும். உறவினரின் உருண்டைகளுக்கும் இதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்: இறுக்கிச் சுற்றி, ஒன்றன் மேல் ஒன்றாகத் திணித்திருப்பார்கள்.

செய்யவேண்டியது இதுதான். சந்தையிலிருந்து வந்ததும் பிரித்து, ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிடுங்கள். குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வரும் கண்ணாடியில் ஈரம் பூக்கும். அதை அப்படியே பிளாஸ்டிக்குக்குள் மூடினால் சாயம் ஒட்டிக்கொண்டு உரியும். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் வெள்ளை டிஷ்யூ தாளில் தளர்வாகச் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். 4, 5 செ.மீ. உருண்டைகள் முட்டை அட்டையின் குழிகளில் அளவாக உட்காரும். அங்கே 10 முட்டை கொள்ளும் மூடி போட்ட அட்டைகள் வீட்டுக்கு வீடு கிடக்கும், மகளிடம் நாலைந்தைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கழுத்து மேலே பார்த்திருக்க வேண்டும், மூடி அதைத் தொடாமல் மூட வேண்டும். அதைவிடப் பெரிய உருண்டை, பறவை, மணி போன்ற வடிவங்கள் சம்படத்துக்குப் போகட்டும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் துணி, பிறகு ஓர் அடுக்கு உருண்டை, நடுவில் வட்டமாக வெட்டிய அட்டை, மறுபடி துணி, மறுபடி ஓர் அடுக்கு. மூன்றாவது அடுக்கு வேண்டாம். மூடியதும் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் உள்ளே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்; மூடியை அழுத்தி மூடவேண்டி வந்தால் துணி அதிகம். இரண்டுமே உடைக்கும்.

மரப்பொம்மைகள் அதிகமும் எர்ட்ஸ்கெபிர்கே மலைப் பகுதியிலிருந்து, குறிப்பாக ஸைஃபன் ஊரிலிருந்து வருபவை. மரம்தானே, உடையாது என்று மேலோட்டமாக விட்டுவிடாதீர்கள். கொட்டை உடைக்கும் சிப்பாயின் கை, வாள், தொப்பி எல்லாம் பசையில் ஒட்டியவை. முதுகில் இருக்கும் நெம்புகோல் விரிந்தால் தாடை போய்விடும். நெம்புகோலை மூடிய நிலையில் பருத்தி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வார்னிஷில் தடம் பதிக்கும். கால்களுக்கு நடுவே ஒரு காலுறையைச் சுருட்டிச் செருகுங்கள், கைகளுக்கும் உடம்புக்கும் நடுவே டிஷ்யூ. வாயால் புகைவிடும் பொம்மை இரண்டு துண்டாகக் கழலும்; கழற்றித் தனித்தனியே சுற்றுங்கள்.

மெழுகுவத்திச் சூட்டில் சுழலும் மரப் பிரமிடு வாங்கினால் கூடுதல் கவனம் தேவை. மேலே காற்றாடி இறக்கைகள் செருகியிருக்கும் மரத் துண்டுகளாக இருக்கும். முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, இறக்கைகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து டேப் போடுங்கள். சுழலும் தண்டின் நுனியில் ஒரு ஊசி இருக்கும், அது ஒரு சின்னக் கிண்ணக் குழியில் நின்று சுழலும். ஊசி வளைந்தாலோ கிண்ணம் தொலைந்தாலோ பிரமிடு சுழலாது. ஊசி முனைக்கு ஒரு துண்டுத் தக்கை குத்துங்கள். கிண்ணம் கழலுமானால் ஜிப் பையில் போட்டுப் பெட்டியோடு ஒட்டிவிடுங்கள். அதற்கான மெழுகுவத்தி 14 மி.மீ., 17 மி.மீ. என இரண்டு தடிமனில் வரும். உங்கள் பிரமிடின் அளவைக் கேட்டு இரண்டு பெட்டி கூடவே வாங்கிக்கொள்ளுங்கள், நம் ஊர் மெழுகுவத்தி அந்தக் குழியில் உட்காராது. வீட்டில் ஏற்றும்போது மின்விசிறியை நிறுத்தவேண்டும் என்பதையும் பரிசு பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

காகித நட்சத்திர விளக்கில் பெரிய அளவுகள் கூம்புகளாகப் பிரித்தே அட்டைப்பெட்டியில் கிடைக்கும். கடையில் கோத்துத் தொங்குவதை வாங்காமல் அந்தப் பெட்டியைக் கேளுங்கள். அங்கும் இங்கும் 230 வோல்ட் என்பதால் விளக்கு அப்படியே எரியும்.

சூடான பானம் ஊற்றித் தரும் பீங்கான் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுக்காவிட்டால் குவளை உங்களுடையது, ஆகச் சகாயமான நினைவுப்பொருள் அதுதான். திராட்சை மது வேண்டாதவர்கள் கிண்டர்புன்ஷ் என்று கேட்டால் மது சேராத பானம் தருவார்கள், பெரும்பாலும் அதே குவளையில். குவளையில் முதலில் உடைவது கைப்பிடி. உள்ளே காலுறையைத் திணித்து, கைப்பிடி வளையத்துக்குள் டிஷ்யூவை அடைத்து, மொத்தத்தையும் ஒரு துண்டில் உருட்டுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவே கூடாது.

தின்பண்டத்தில் எலிஸன்லேப்கூகன் என்ற பருப்பு, மசாலா சேர்ந்த கேக் வாங்குங்கள் என்பது எங்கள் கருத்து. பாதாம், ஹேசல்நட், வால்நட் வகைப் பருப்பு குறைந்தது 25 சதவீதம் இருக்கவேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதற்கு விதியே உண்டு. தகர டப்பாவில் வருவதால் நசுங்காது, டப்பாவும் மிஞ்சும். முட்டை சேர்ப்பது வழக்கம் என்பதால் சைவ வீடுகளுக்குக் கொடுக்கும் முன் உறையைப் படித்துவிடுங்கள். டிரெஸ்டன் நகரின் ஸ்டோலன் என்ற வெண்ணெய் ரொட்டியில் ரம்மில் ஊறிய உலர்திராட்சை இருக்கும். மிட்டாய்களில் பன்றி ஜெலட்டின் இருக்கலாம், ‘ஷ்வைனெ’ என்று தொடங்கும் சொல் உறையில் இருந்தால் அதுதான். சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமைக் காகிதக் கூம்பிலேயே கொண்டுவந்தால் சென்னை ஈரக்காற்றில் ஒரே கட்டியாகிவிடும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். பச்சை ஃபிர் கிளை வளையம், சாஸேஜ் போன்றவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவர முயலவேண்டாம்.

பெட்டியில் அடுக்கும் வரிசை: சக்கரப் பக்கம்தான் பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது அடிப்பக்கம். ஸ்டோலன், தகர டப்பா, புத்தகம் எல்லாம் அங்கே. அவை மேலே இருந்தால் பெட்டியை நிமிர்த்தியதும் சரிந்து கண்ணாடி மேல் விழும். ஆறு பக்கமும் 5 செ.மீ. துணி. இரண்டு பாதியாகத் திறக்கும் கெட்டியான பெட்டி என்றால், மூடும்போது ஒன்றையொன்று பார்க்கும் உட்பக்கம்தான் நடு, உடையும் பொருள் அங்கே வரட்டும். வெளி ஓட்டை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். கணவர் பெட்டியிலும் உங்கள் பெட்டியிலும் கண்ணாடியைப் பிரித்து வையுங்கள், ஒரு பெட்டி தாமதமானாலும் பாதி கையில் இருக்கும். 23 கிலோ ஆளுக்கான கணக்கு, ஒரு பெட்டி 26, இன்னொன்று 20 என்றால் கூடுதல் கட்டணம் கேட்கலாம். கையில் தூக்கிப் பார்க்கும் தராசில் 22-ஓடு நிறுத்துங்கள். பரிசுத் தாள் சுற்றுவதை ஊருக்கு வந்து செய்யுங்கள், சோதனையில் கிழிப்பார்கள்.

ஆக மெல்லிய கண்ணாடி கைப்பெட்டியில் வரட்டும். பழைய நகரத் தெருக்கள் கல் பாவியவை. ரயில் நிலையம் வரை அந்தக் கல்மேல் சக்கரத்தில் இழுப்பது விமானப் பயணத்தைவிட அதிகம் குலுக்கும், அந்தத் தூரம் மட்டும் தூக்கிக்கொள்ளுங்கள். பனி கொட்டும் கண்ணாடிக் குமிழ் பொம்மைக்குள் இருப்பது திரவம், 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பெட்டியில் பிடுங்கிவிடலாம். தேன், ஜாம், கடுகு விழுது எல்லாவற்றுக்கும் இதே விதி. இவை பெரிய பெட்டிக்கு, இரட்டை ஜிப் பையில். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பெட்டியில் மட்டும்.

ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்ற முறையில் வரியின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். சந்தைக் கடைகளில் பலர் தர மாட்டார்கள், நகரக் கடைகளில் கிடைக்கும். ஃபிராங்ஃபர்ட்டில் பெட்டியை அனுப்பிவிடுவதற்கு முன்பே சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி முத்திரை வாங்கவேண்டும். ஆகவே படிவத்துக்குரிய பொருளைப் பெட்டியில் எளிதாக எடுக்கும்படி வையுங்கள், பயன்படுத்தாமலும் இருக்கவேண்டும். எல்லா ரசீதுகளும் ஒரு உறையில் இருந்தால் சென்னைச் சுங்கத்திலும் விலையைக் காட்ட உதவும்.

கடைசியாக, சென்னை – மதுரை. அந்த விமானம் தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு விதிதான் பொருந்தும், பெரும்பாலும் 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பெட்டி. 23 கிலோ பெட்டியோடு நின்றால் கவுன்ட்டரில் பணம் கட்டவேண்டும், அல்லது அவசரமாகப் பிரித்து மாற்றவேண்டும்; அத்தனை கவனமாக அடுக்கியது அங்கேதான் கலையும். ஒரே டிக்கெட்டில் மதுரை வரை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரவு ரயிலில் போங்கள். வீடு வந்ததும் ஸ்டோலனை வெட்டி, காற்றுப் புகாமல் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாக்லேட் பூசிய லேப்கூகனும் அங்கேயே இருக்கட்டும்.