பாஸ்கர்வில் ஏன் வெளிறிப்போகிறது?

ஐயா, வணக்கம்.

என் தாத்தாவின் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சிறு நூலாகக் கொண்டுவருகிறேன். எழுத்துரு பாஸ்கர்வில். திரையில் அழகாக இருந்தது. அச்சகம் தந்த மாதிரிப் பக்கமோ வெளிறிக் கிடக்கிறது. "இது கண்ணைக் கெடுக்கும் எழுத்து, டைம்ஸ் போட்டுவிடுங்கள்" என்கிறார் அச்சகக்காரர். என்ன செய்யலாம்?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இந்தப் புகார், எழுத்தை வடிவமைத்த இங்கிலாந்து அச்சுக்காரர், பர்மிங்ஹாமின் ஜான் பாஸ்கர்வில் உயிரோடிருந்தபோதே எழுந்துவிட்டது. கோடுகள் மெலிந்து குறுகியிருப்பதால் இவர் எழுத்து நாட்டின் வாசகர்களை எல்லாம் குருடாக்கிவிடும் என்று ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் சாதித்திருக்கிறார். ஃபிராங்க்ளினும் அச்சுக்காரர்தான். உள்ளே போய், அந்நாளில் இங்கிலாந்தில் பரவலாகப் புழங்கிய காஸ்லன் எழுத்தின் மாதிரித் தாளை எடுத்து, அதன் மேற்பகுதியைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லின் மாதிரி இது என்று நீட்டினார். மனிதர் குறைகளை வரிசையாகக் காட்டினாராம். வாழ்நாளெல்லாம் அவர் வாசித்துவந்த எழுத்து அது! 1760இல் பாஸ்கர்வில்லுக்கு ஃபிராங்க்ளினே இதை எழுதினார்.

அதற்காக உங்கள் அச்சகக்காரரை நான் தள்ளிவிட மாட்டேன். மாதிரிப் பக்கம் வெளிறித்தானே இருக்கிறது.

பாஸ்கர்வில் கையெழுத்து கற்பித்தவர், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டியவர். பேனா அழுந்துவதும் நழுவுவதும் அவர் எழுத்தில் தெரியும். காஸ்லனைவிடத் தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசம் கூடுதல்; எழுத்து நுனிகளில் வரும் முனைக்கோடுகள் (செரிஃப்) கூர்மை; வளைவுகளின் தடித்த பகுதி சாயாமல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். சின்ன 'ஜி'யின் கீழ்வளையத்தைப் பாருங்கள், மூடாமல் விட்டிருப்பார். பெரிய 'க்யூ'வின் வாலில் மட்டும் கொஞ்சம் ஆடம்பரம்.

இந்த மெல்லிய கோடுகள் தாளில் நிற்க வேண்டுமே! மையைத் தன் பக்குவத்தில் தயாரித்தார். 1757இல் வெளியிட்ட வெர்ஜில் நூலின் ஒரு பகுதிக்குக் தாள் வார்க்கும் சல்லடையின் கம்பித் தடம் விழாத வழவழப்பான தாளைப் பயன்படுத்தினார். அச்சான தாள்களைச் சூடான செப்புத் தகடுகளுக்கிடையே வைத்து அழுத்தினார். ஓரத்திலும் வரிகளுக்கிடையிலும் தாராளமாக வெள்ளை விட்டார். இவ்வளவையும் விட்டுவிட்டு எழுத்தை மட்டும் கொண்டுவந்தால் சோனியாகத்தான் தெரியும். அவருடைய ஈய எழுத்து தாளுக்குள் அழுந்தியது. மை தாளின் மேலே படிவதோடு சரி என்னும் இன்றைய ஆஃப்செட் அச்சில் அந்த அழுத்தமும் இல்லை.

பாஸ்கர்வில் என்ற பெயரில் பலர் வரைந்த வடிவங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கனமும் வேறு. தலைப்புக்கு ஏற்ற மெலிந்த வடிவத்தைக் கவிதை வரிகளுக்குப் போட்டுவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். என் சந்தேகம் அங்கேதான். பிறகு எழுத்தளவு 10 பாயிண்ட் என்றால் 12 ஆக்கி, வரி இடைவெளியைக் கூட்டி, சொரசொரப்பில்லாத தாளில் இன்னொரு பக்கம் எடுக்கச் சொல்லுங்கள். கவிதைக்குத்தான் பக்கத்தில் இடம் நிறைய இருக்கிறதே. டைம்ஸ் 1932இல் லண்டன் நாளிதழின் ஒடுங்கிய பத்திகளுக்காக வந்த எழுத்து. அந்தச் சிக்கனம் உங்களுக்கு எதற்கு?

மலிவுத் தாள்தான் கட்டுப்படியாகும் என்றால் காஸ்லனுக்கு மாறுங்கள், தாங்கும். அட்டையில் மட்டும் பாஸ்கர்வில் இருக்கட்டும். தலைப்பில் ஒரு 'க்யூ' வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.