கல்லறைச் சந்திப்பும் பரிபூரண பலனும்

கேள்வி: நவம்பர் முதல் வாரம் கல்லறைக்குப் போய்ச் செபித்தால், இறந்த அம்மாவின் ஆன்மாவுக்குப் பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு எஞ்சிய தண்டனையிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கிடைக்கும் முழு விடுதலை) கிடைக்கும் என்கிறார்கள். எட்டு நாளும் போனால் எட்டு முறை பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த நாள்களுக்கு முன்னோ பின்னோ சுமார் 20 நாளுக்குள் செய்த ஒரே பாவசங்கீர்த்தனம் எட்டு நாளுக்கும் போதும். மற்ற நிபந்தனைகளான நற்கருணை வாங்குவதும் திருத்தந்தையின் (போப்பின்) கருத்துக்கான செபமும் அப்படியல்ல. ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியே வேண்டும், அன்றைக்கே செய்வது நல்லது. செபத்துக்கு ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறைந்த மரியேயும் போதுமானது. நாளுக்கு ஒரு பரிபூரண பலன்தான். காலையில் அம்மாவுக்கு, மாலையில் அப்பாவுக்கு என்று கணக்குப் போட முடியாது.

கல்லறைக்கான இந்தச் சலுகை நவம்பர் 1 முதல் 8 வரை மட்டுமே. மற்ற நாள்களில் கிடைப்பது பகுதி பலன். கல்லறையில் வாய்விட்டுச் செபிக்கக்கூட வேண்டியதில்லை, மனத்துக்குள் வேண்டினாலும் சரி. மெழுகுவர்த்தியும் சாமந்தி மாலையும் நம் ஊர் வழக்கம், நிபந்தனை அல்ல.

பலரும் கோட்டைவிடுவது வேறிடத்தில். அற்பப் பாவம் உட்பட எந்தப் பாவத்தின்மீதும் பற்று இருக்கக்கூடாது. பாவமே செய்யாதவராக இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. சொத்துத் தகராறில் 'தம்பியோடு சாகும்வரை பேசமாட்டேன்' என்ற வைராக்கியத்தை மடியில் கட்டிக்கொண்டே அம்மா கல்லறையில் மண்டியிட்டால், கிடைப்பது பகுதி பலன்தான்.