ஆங்கிலம் கேளுங்கள்: "சுவரைத் தொடக் கூடாது" என்பதை எப்படிச் சொல்வது?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டில் இரண்டு அறைகளை வெளிநாட்டு விருந்தாளிகள் தங்குவதற்கு விட்டிருக்கிறோம். வளவுச் சுவர், அதாவது உள்முற்றத்துச் சுவர், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தடவிப் பார்க்கிறார்கள். "யூ மஸ்ட் நாட் டச் தி வால்" என்று எழுதி ஒட்டினேன். மருமகள் வந்து பார்த்துவிட்டு, முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது அத்தை என்கிறாள். தமிழில் "தொடக் கூடாது" என்று எழுதினால் அப்படித் தெரியவில்லையே, ஆங்கிலத்தில் மட்டும் ஏன்?

பதில்: மருமகள் சொன்னது சரி ஆச்சி. நீங்கள் தமிழில் எழுதியதை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். "சுவரைத் தொடக் கூடாது." யார் தொடக் கூடாது? அதைச் சொல்லவே இல்லை. தொடுகிறேன், தொடுகிறாய், தொடுகிறார்கள் என்று மற்ற வினைகள் ஆளுக்கு ஆள் மாறும். கூடாது, வேண்டும், முடியும், அப்புறம் தொடலாம் போகலாம் என்று வருகிற "லாம்", இதெல்லாம் யாருக்காகவும் மாறாது. நானும் தொடலாம், நீங்களும் தொடலாம், அவர்களும் தொடலாம். அதனால் ஆளை விட்டுவிட்டே பேச நம் மொழியில் முடிகிறது, யாரையும் பார்த்துச் சொன்னதாக ஆகாது.

ஆங்கிலத்தில் இந்த மாதிரி வாக்கியத்தில் முதல் இடத்தைக் காலியாக விட முடியாது. அந்த இடத்தை நிரப்ப நீங்கள் "யூ" என்று போட்டீர்கள், அது விருந்தாளியை நோக்கி விரலை நீட்டியதாகிவிட்டது. அங்கே ஆளுக்குப் பதில் சுவரைக் கொண்டுபோய் வையுங்கள்: "தி வால் மஸ்ட் நாட் பி டச்ட்." அவ்வளவுதான், இதைத்தான் பள்ளிக்கூடத்தில் பாசிவ் வாய்ஸ் என்று சொல்லி நம்மைப் பயமுறுத்தினார்கள். "தொடப்படக் கூடாது" என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை, ஆனால் பாடத்தில் அப்படித்தான் தமிழாக்கித் தந்தார்கள், அதனாலேயே இது நமக்கு ஒட்டாத இலக்கணமாகப் போய்விட்டது. "படு"வை மறந்துவிடுங்கள். உங்கள் தமிழ் வாக்கியத்தில் ஆள் இல்லையா, "ஐ" உருபு போட்ட ஒரு சொல் இருக்கிறதா (சுவரை, செருப்பை, கதவை), கடைசியில் கூடாது, வேண்டும், லாம் ஏதாவது வருகிறதா? மூன்றும் இருந்தால் அந்த "ஐ" போட்ட பொருளை முதலில் எழுதி, அப்புறம் மஸ்ட், ஷுட், மே, கேன், ஹேவ் டு இவற்றில் பொருந்துகிற ஒன்று, அப்புறம் "பி", அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம். "செருப்பை முகப்பில் விடலாம்" என்றால் "ஃபுட்வேர் மே பி லெஃப்ட் அட் தி என்ட்ரன்ஸ்." "சாப்பாட்டை ஒன்பது மணிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்" என்றால் "மீல்ஸ் ஹேவ் டு பி ஆர்டர்ட் பிஃபோர் நைன்." இதில் ஹேவ் டு மட்டும் ஒருமைக்கு ஹேஸ் டு என்று மாறும், மற்றவை எதற்கும் மாறாது.

சுவருக்கு நான் எழுதுவதாக இருந்தால் மஸ்ட் கூட வேண்டாம் என்பேன். "தி ப்ளாஸ்டர் இஸ் வெரி ஓல்ட் அண்ட் ஷுட் நாட் பி டச்ட்." காரணத்தைச் சொல்லிவிட்டால் அவர்களே கையை எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: காரைக்குடியில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன் சார். ஒரு வீட்டைக் காட்டி, 1910 வாக்கில் கட்டியிருக்க வேண்டும் என்பதற்கு "திஸ் ஹவுஸ் ஷுட் ஹேவ் பீன் பில்ட் அரவுண்ட் 1910" என்றேன். கூட வந்த அம்மா, அப்படியானால் அப்போது கட்டவில்லையா, ஏன் தாமதமானது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கலாம் போல இருக்கிறது. தப்பு உங்கள் மேல் இல்லை, நம் "வேண்டும்" செய்கிற வேலை அது. "கட்டியிருக்க வேண்டும்" என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். தூணையும் கூரையையும் பார்த்து, அந்தக் காலத்தில்தான் கட்டியிருப்பார்கள் என்று ஊகித்துச் சொல்வது ஒன்று. கட்ட வேண்டியது, கட்டாமல் விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்படுவது இன்னொன்று. குரலையும் இடத்தையும் வைத்து நாம் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் இதற்கு இரண்டு தனிச் சொல் வைத்திருக்கிறது. ஊகத்துக்கு மஸ்ட்: "திஸ் ஹவுஸ் மஸ்ட் ஹேவ் பீன் பில்ட் அரவுண்ட் 1910." நடக்காமல் போனதற்கு ஷுட்: "தி ரூஃப் ஷுட் ஹேவ் பீன் ரிப்பேர்ட்", அதாவது கூரையைச் சரி செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. உங்கள் வாக்கியத்தைக் கேட்ட அந்த அம்மாவுக்கு, 1910-ல் கட்டி முடிக்க வேண்டிய வீடு ஏதோ காரணத்தால் தள்ளிப்போனது என்றுதான் காதில் விழுந்திருக்கிறது.

ஊகம் அவ்வளவு உறுதியாக இல்லையென்றால் மைட்: "மைட் ஹேவ் பீன் பில்ட்", கட்டியிருக்கலாம். குட் கொஞ்சம் வழுக்கும், அதற்கும் இரண்டு பக்கம் உண்டு. "இட் குட் ஹேவ் பீன் பில்ட் இன் 1910" என்றால் கட்டியிருக்கலாம் என்ற சந்தேகம். "தி ஹவுஸ் குட் ஹேவ் பீன் சேவ்ட்" என்றால் காப்பாற்றியிருக்கலாம், விட்டுவிட்டார்கள். இடித்த வீடுகளின் தூணும் கதவும் நம் ஊர்ப் பழம்பொருள் கடைகளில் சாத்தி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு வாயில் வருகிறது, விருந்தாளிகளிடம் அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. தெரிந்த விஷயத்துக்கு ஊகச் சொல் போட வேண்டாம். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்று அந்த வீட்டுக்காரர்களே சொல்லியிருந்தால் "மஸ்ட் ஹேவ் பீன் ப்ராட்" எதற்கு? "தி டீக் வாஸ் ப்ராட் ஃப்ரம் பர்மா" என்று நேராகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடியில் எங்களுக்குத் தரைக்கல் பட்டறை இருக்கிறது, வெளியூர் ஆர்டர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது நான்தான். "யுவர் ஆர்டர் கேனாட் பி ஃபினிஷ்ட் பை மீ இன் டென் டேஸ்" என்று எழுதினேன். இலக்கணப்படி சரிதானே?

பதில்: இலக்கணத்தில் பிழை இல்லை தங்கச்சி, ஆனால் அந்த "பை மீ" நேராகத் தமிழிலிருந்து வந்தது. "என்னால் முடியாது" என்று நாம் சொல்கிறோம் அல்லவா, அந்த "ஆல்" உருபு கையைப் பிடித்து "பை மீ"யில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. படிக்கிறவருக்கு, இவரால் முடியாது, வேறு யாராலோ முடியும் என்று தோன்றும். என்னால் முடியாது என்றால் "ஐ கேனாட்", எங்களால் முடியாது என்றால் "வீ கேனாட்". இங்கே பாசிவ் வேண்டாம்.

பாசிவ் நன்றாகப் பொருந்துகிற இடம் உங்கள் வேலையைச் சொல்கிற இடம். கண்ணாடி மேல் வண்ணத்தைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுக்கிற கல் அது, சூளையில் சுடுவதில்லை. அங்கே யார் செய்கிறார்கள் என்பதைவிடக் கல்லுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்: "ஈச் டைல் ஹேஸ் டு பி மேட் பை ஹேண்ட். இட் மஸ்ட் பி சோக்ட் இன் வாட்டர் அண்ட் தென் ட்ரைட். திஸ் கேனாட் பி ஹரீட்." இதை எழுதிவிட்டால் பத்து நாளில் ஏன் ஆகாது என்று அவர்களுக்கே புரியும்.

தாமதம் உங்கள் பக்கம் என்றால் மட்டும் இதன் பின்னால் ஒளியாதீர்கள். "யூ ஷுட் ஹேவ் பீன் டோல்ட்" என்று எழுதினால் யார் சொல்லியிருக்க வேண்டும் என்பது மறைந்துபோகிறது. "வீ ஷுட் ஹேவ் டோல்ட் யூ", நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் மதிப்பது இதைத்தான்.

கேள்வி: தேவகோட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன். "ஆன் ஆக்ஸிடென்ட் மே பி ஹேப்பன்ட்" என்று எழுதியதற்கு மிஸ் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். மே வந்தால் பி வரும்தானே?

பதில்: வராது பாப்பா. நட, வா, தூங்கு, இவற்றுக்கெல்லாம் "எதை" என்று கேட்டால் பதில் இல்லை. ஹேப்பன், கம், ஸ்லீப் அதே வகை. "எதை"க்குப் பதில் இல்லாத வினைக்குப் பாசிவே கிடையாது, அதனால் "ஆன் ஆக்ஸிடென்ட் மே ஹேப்பன்" மட்டும் போதும். "கிடைக்கும்" என்பதும் இப்படித்தான், "கேன் பி கெட்" என்று எழுதாதே, "இஸ் அவைலபிள்" என்று எழுது. அப்புறம், "மே பி" என்று இரண்டு சொல்லாக வந்தால்தான் அது வினை, "மேபி" என்று சேர்த்து எழுதினால் "ஒருவேளை" என்று பொருள். உன் விடைத்தாளில் இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறாயா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்.