17 இடத்துக்கும் ஒரே கடிதம்

அக்கா, மகள் வேலை கேட்டு அனுப்பிய கடிதங்களை எல்லாம் வாசித்துப் பார்த்தேன். 17 இடத்துக்குப் போட்டும் ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை, பிள்ளைக்கு ராசி இல்லையோ என்று கேட்டிருந்தீர்கள். ராசியில் பிழை இல்லை. 17 இடத்துக்கும் போனது ஒரே கடிதம். ஹட்டன் டவுனில் கொமினிகேஷன் கடையில் டைப் அடித்துக் கொடுத்தது, கம்பனிப் பெயர் மட்டும் மாறுகிறது. ஒன்றில் அதுவும் மாறவில்லை. நுவரெலியா ஹோட்டலுக்குப் போன கடிதத்தின் நடுவில் "தங்கள் வங்கியில் பணியாற்ற" என்று நிற்கிறது. "ஐயா/அம்மணி" என்பதில் எதையும் வெட்டாமலே எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறாள்.

பெறுபேறு, பாடசாலை, பிறந்த திகதி எல்லாம் சுயவிபரக் கோவையில் இருக்கிறது. அதையே கடிதத்திலும் ஏன் ஒப்புவிக்க வேண்டும்? கண்டியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு வந்த விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டது மூன்று: உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவு, எக்செல், சிங்களம் பேசும் திறமை. மகள் எழுதியது, "நான் நேர்மையும் கடின உழைப்பும் உடையவள்." சிங்களத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் போனில் பேசும்போது, பண்டாரவளையில் பெரியம்மாவின் கடையில் இரண்டு வருஷம் நின்று நல்லாகவே பழகிவிட்டேன் என்கிறாள்!

"வேறு அனுபவம் ஒன்றும் இல்லை சேர்" என்றாள். தோண்டித் தோண்டிக் கேட்டதில்தான் வந்தது: உங்கள் தோட்ட டிவிஷன் மரண உதவிச் சங்கத்துக்கு மூன்று வருஷமாகக் கணக்கு எழுதுவது இவள்தானாம். அதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிக்கிறாள். கணக்கு வேலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான் எழுதச் சொன்னது இப்படி: "எங்கள் தோட்ட மரண உதவிச் சங்கத்தில் 64 குடும்பங்களின் மாதச் சந்தாவையும் கொடுப்பனவுகளையும் மூன்று வருடங்களாகப் பதிவு செய்து, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறேன்." இதே பிள்ளை ஹோட்டல் வரவேற்பு வேலைக்குப் போட்டால் இந்த வரி பின்னுக்குப் போகட்டும், பெரியம்மா கடையும் சிங்களமும் முன்னுக்கு வரட்டும். மூன்று பந்தி, ஒரு பக்கம், போதும். விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் கடிதமும் ஆங்கிலத்தில்தான். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். நேர்முகத்தில் கேட்டால் விளக்கத் தெரியாத சொல் எதையும் போட வேண்டாம்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். விலாசத்தில் தோட்டப் பெயரை விட்டுவிட்டு டவுன் கடை ஒன்றின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறாள். லயத்துப் பிள்ளை, தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். வீண் பயம் என்று சொல்ல என்னால் முடியாது, நானும் அப்படி மறைத்தவன்தான். ஆனாலும் அடையாள அட்டையில் இருக்கிற விலாசம் எப்படியும் தெரிய வரும். உண்மையான விலாசத்தையே போடட்டும், தபாலை மட்டும் நம்ப வேண்டாம். என் முதல் நேர்முகக் கடிதம் தோட்டத்து ஒபிஸ் மேசை லாச்சியில் கிடந்து, திகதி முடிந்து நாலு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. விலாசத்துக்குக் கீழே அவளுடைய சொந்த போன் நம்பரும் ஈமெயிலும் தெளிவாக இருக்க வேண்டும். இப்போது இருப்பது கொழும்பில் இருக்கும் மாமாவின் நம்பர். அவர் வேலை நேரத்தில் போன் எடுப்பதில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

வர்த்தமானியில் (அரசாங்க கெசட்டில்) வந்து, தபாலில் விண்ணப்பம் கேட்கும் அரசாங்க வேலைகளுக்கு இந்தக் கதை எதுவும் தேவையில்லை. அவர்கள் கொடுத்த மாதிரிப் படிவத்தை அப்படியே நிரப்பி, உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதி, பதிவுத் தபாலில் போட்டால் சரி.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் வேலை இல்லைதானே, மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பழைய கடிதங்கள் வேண்டாம். அந்தக் கண்டி கணக்கு உதவியாளர் விளம்பரத்தையும், சங்கத்துக் கணக்குக் கொப்பியையும் மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.