பத்து நிமிட நடை

வணக்கம் அண்ணே,

பினாங்கில் குதிரைப் பந்தயம் நின்றபோது கைமாறிய குதிரை ஒன்றை என் மாமா வாங்கி, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வைத்திருக்கிறார். முன் இடதுகாலில் தசைநார் கிழிந்திருந்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு, குணமாக ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். முதலில் லாயத்தில் ஓய்வு, இப்போது தினமும் பத்து நிமிடம் நான்தான் கயிற்றைப் பிடித்து நடத்துகிறேன். வீக்கம் வற்றிவிட்டது, நொண்டலும் இல்லை. வெளியே வந்தாலே துள்ளுகிறது. இன்னும் அடைத்து வைப்பது பாவமாக இருக்கிறது. திடலில் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடலாமா?

ஒரு வாசகன்

தம்பிக்கு,

அவிழ்த்து விடாதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் அப்பா பினாங்கின் பத்து கந்தோங்கில் இருந்த குதிரைப் பந்தயக் கிளப்பில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை பார்த்தவர். 1864இல் தொடங்கிய அந்தக் கிளப்பின் கடைசிப் பந்தயம் 2025 மே மாதம் நடந்தபோது, அவர் கை பழகிய லாயங்களை நினைத்து அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அவரிடம் கற்றும்கூட நான் ஒரு தப்பு செய்தேன். என் பொறுப்பில் இருந்த செம்பழுப்புப் பெண்குதிரைக்கு இதே காயம். மூன்றாம் மாதம், மழை விட்ட ஒரு காலை நேரம், நீங்கள் சொல்வதுபோலவே துள்ளியது. மனசு கேட்கவில்லை, அவிழ்த்துவிட்டேன். இரண்டு சுற்று ஓடி, வேலி ஓரம் சட்டென்று திரும்பியது. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் கால் கொதித்தது. அதற்கப்புறம் அது பழையபடி நடக்கவே இல்லை.

குதிரைக்கு முன்காலில் முட்டிக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பும் தசைநாரும்தான். முழு வேகத்தில் ஓடும்போது அந்த நார் அறுபடும் எல்லைக்குப் பக்கம் வரை நீளும், உள்ளே 45 டிகிரி வரை சூடாகும். ரத்த ஓட்டமும் அங்கே குறைவு. அதனால் கிழிந்த இடத்தை உடம்பு முதலில் ஏதோ ஒட்டுப் போட்ட மாதிரிதான் நிரப்புகிறது. புது இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். தினமும் லேசாக இழுபட்டால்தான் அவை காலின் நீளவாக்கில் வரிசைப்படும். நீங்கள் நடத்துகிற பத்து நிமிடம் அந்த வேலையைத்தான் செய்கிறது. அதுதான் மருந்து. சும்மா கட்டிப் போட்டாலும் ஒட்டு சரியாக அமையாது, ஓடவிட்டால் பிய்ந்துவிடும். வலியும் வீக்கமும் சீக்கிரம் போய்விடும், இழைகள் உறுதிப்படுவதற்குத்தான் பல மாதம் வேண்டும். உங்கள் குதிரை இப்போது அந்த இடைப்பட்ட காலத்தில் இருக்கிறது.

நடத்தும் தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். ஆழமான மணலில் கால் புதைந்தால் நாருக்குப் பாரம். திரும்பும்போது பெரிய வட்டமாகத் திருப்புங்கள். டாக்டர் சரி என்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். மூச்சு வாங்குகிறது, உடம்பு மட்டும் காய்ந்து கிடக்கிறது என்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நடைக்கு முன்னும் பின்னும் இரண்டு முன்கால்களையும் கையால் வருடிப் பாருங்கள். நல்ல காலையும் விடாதீர்கள், இத்தனை நாளும் பாரத்தை அதிகம் தாங்கியது அதுதான். சூடு தெரிந்தால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, டாக்டரிடம் பேசும்வரை நடையை நிறுத்துங்கள். நடக்கும்போது தலையைக் கவனியுங்கள். புண்பட்ட கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழும். வலி மாத்திரை கொடுத்து நடத்தச் சொல்பவர்களும் வருவார்கள். டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், அந்தத் தலையசைவு மறைந்துபோகும்.

அடைத்து வைப்பது பாவம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு லாயத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள், துள்ளல் பாதி அடங்கும். புல்லை ஒரே இடத்தில் போடாமல் இரண்டு மூன்று மூலையில் தொங்கவிடுங்கள். ஒரு கேரட்டைத் தோள் பக்கம் காட்டி, கழுத்தை மெதுவாக வளைத்து எடுக்கவிடுங்கள், இரண்டு பக்கமும். துணைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டலாம். என் அப்பா கட்டியிருக்கிறார், குதிரை ராத்திரி அமைதியாக நின்றது. இத்தனைக்கும் மீறித் துள்ளினால், நடை நேரத்துக்கு லேசான மயக்க மருந்து கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

அடுத்த ஸ்கேன் எடுத்ததும் எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும், இப்போது எத்தனை நிமிடம் நடக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குதிரையின் பெயரையும்தான், கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லையே.

அன்புடன்,
அண்ணன்