சைக்கிள் கேள்வி–பதில்: வெறும் ஃப்ரேம் கையில், அடுத்து என்ன?

கேள்வி: பழைய ஸ்டீல் ரோடு பைக் ஃப்ரேம் ஒன்று ஃபோர்க்கோடு கிடைத்திருக்கிறது. பின்சக்கரம் உட்காரும் இடைவெளியை அளந்தேன், 126 மி.மீ. இருக்கிறது. 11 வேக குரூப்செட் (கியர், பிரேக் பாகங்களின் தொகுப்பு) ஒன்று தள்ளுபடியில் வருகிறது. வாங்கிப் போட்டுவிடலாமா? பஞ்சர் ஒட்டியதைத் தவிர எனக்கு அனுபவம் இல்லை.

பதில்: வாங்காதீர்கள். தள்ளுபடி மறுபடி வரும்.

முதல் தடவை கட்டுகிறவர்கள் எல்லாரும் குரூப்செட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதுதான் பளபளப்பாக இருக்கிறது. ஆனால் எது பொருந்தும், எது பொருந்தாது என்று முடிவு செய்வது ஃப்ரேம்தான். நீங்கள் அளந்து பார்த்துவிட்டுக் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. மீதிப் பாதிக்கு துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.

126 என்றால் பின்னால் 6 அல்லது 7 பல்சக்கரங்கள் இருந்த காலத்து ஃப்ரேம். இன்றைய 11 வேக ரிம் பிரேக் சக்கரத்துக்கு 130 வேண்டும். ஸ்டீல் என்பதால் பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்கலாம். அலுமினியமாகவோ கார்பனாகவோ இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருப்பேன். விரித்த பிறகு சக்கர அச்சு உட்காரும் இரண்டு டிராப்அவுட்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும், சங்கிலியைப் பல் மாற்றும் டீரெய்லியர் தொங்கும் ஹேங்கரும் நேராக வேண்டும். இதற்கென்று கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அடுத்தது பெடல் அச்சு போகும் கூடு, அதாவது பாட்டம் பிராக்கெட் ஷெல். அகலம் 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கிலேய மரை, 70 என்றால் இத்தாலிய மரை. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. ஆங்கிலேய மரையில் வலப்பக்கக் கப் (பேரிங் உட்காரும் கிண்ணம்) இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இறுகும். இத்தாலியத்தில் இரண்டு பக்கமும் வலது மரைதான். இது தெரியாமல் வலப்பக்கத்தைக் கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போவார்கள். ஆங்கிலேய மரைக்கு நான் சொல்லும் குறுக்குவழி இது: ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பிடித்து, அதன் கைப்பிடியைப் பின்சக்கரம் பக்கமாகத் தள்ளினால் இரு பக்கக் கப்பும் இறுகும். பெடலுக்கு நேர் எதிர், முன்சக்கரம் பக்கமாகத் தள்ளினால் இறுகும். கப் மரையிலும் பெடல் மரையிலும் கிரீஸ் தடவாமல் ஏற்றிவிடாதீர்கள்.

ஃபோர்க்கின் தண்டைப் பாருங்கள். மேல்முனையில் மரை வெட்டியிருந்தால் மரை வைத்த ஹெட்செட்டும் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுப்பு), ஹேண்டில்பாரைப் பிடித்துத் தண்டுக்குள் இறங்கும் குவில் ஸ்டெம்மும்தான். 1 அங்குலத் தண்டு என்றால் ஸ்டெம் 22.2 மி.மீ. இப்போது கடையில் பரவலாக இருக்கும் 31.8 ஹேண்டில்பார் பழைய குவில் ஸ்டெம்மில் நுழையாது. பெரும்பாலும் 25.4 அல்லது 26.0தான் போகும், உங்கள் ஸ்டெம்மை அளந்த பிறகு வாங்குங்கள். சீட் போஸ்ட்டும் இதே கதை. 26.8, 27.0, 27.2 என்று 0.2 மி.மீ. வித்தியாசத்தில் வரும். கண்ணால் மதிப்பிட்டு வாங்கினால் ஒன்று ஆடும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும்.

பிரேக்கில்தான் பலர் மாட்டுகிறார்கள். அந்தக் காலத்துச் சில ஃப்ரேம்கள் 27 அங்குலச் சக்கரத்துக்காகச் செய்தவை. இன்றைய ரோடு பைக் அளவான 700சி சக்கரம் போட்டால் ரிம் 4 மி.மீ. உள்ளே போய்விடும், பிரேக் கட்டை அவ்வளவு கீழே இறங்க வேண்டும். சக்கரத்தை மாட்டி, பிரேக் போல்ட் துளையிலிருந்து ரிம்மில் கட்டை பிடிக்கும் பட்டையின் நடுவரை அளந்து, அந்த நீளத்துக்கு எட்டும் பிரேக் காலிப்பரை வாங்குங்கள்.

இனி கியர். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஃப்ரேமை விரிக்கவே மாட்டேன். 126 சக்கரம், 7 வேகம், கீழ்க்குழாயில் லிவர் மாட்டும் திருகிடம் இருந்தால் அங்கேயே ஃப்ரிக்‌ஷன் லிவர். கிளிக் கிடையாது, எந்தப் பல்லில் நிற்க வேண்டும் என்பதைக் கையே தேடிக்கொள்ளும். குரூப்செட்டுக்கு குரூப்செட் கேபிள் இழுக்கும் அளவு மாறும் தலைவலியும் இல்லை. முதல் கட்டுமானத்துக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. 11 வேகம்தான் ஆசை என்றால் விரித்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். கீழ்க்குழாயின் அந்தத் திருகிடத்தில் கேபிள் உறையின் முனையைத் தாங்கும் கேபிள் ஸ்டாப் மாட்ட வேண்டியிருக்கும், அதையும் பட்டியலில் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை, இது உயிர் சம்பந்தப்பட்டது. கியர் கேபிள் உறையைப் பிரேக்குக்குப் போடாதீர்கள். அதன் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும், அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது பிதுங்கிக் கிழிந்துவிடலாம். பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். வெட்டிய முனையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஹேண்டில்பார் டேப்பைக் கடைசியில் சுற்றுங்கள். ஓட்டிப் பார்த்து பிரேக் லிவரின் உயரம் கைக்குப் பழகும்வரை டேப் காத்திருக்கட்டும். செலவு மிச்சமாகும் என்ற கணக்கில் இறங்காதீர்கள். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் முழு சைக்கிளைவிட அதிகம்தான் ஆகும்.

கேள்வி: எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயமா? கை அளவு போதாதா?

பதில்: அனுபவம் இல்லாத கை சின்ன போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கும், பெரியதை அரைகுறையாக விடும். ஸ்டெம்மின் முன்மூடி போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கோ 40 கேட்கும். கார்பன் பாகம் ஒன்றாவது இருந்தால் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வாங்குங்கள். உங்களுடையது முழுக்க உலோகமாக இருந்தால் முதலில் நல்ல ஆலன் கீ செட்டும் கேபிள் கட்டரும் வாங்குங்கள். சாதாரண குறடால் வெட்டினால் கேபிள் முனை பிரிந்து, உறைக்குள் நுழையவே நுழையாது.